விருந்தாளி இறங்காத ஏரி

ஒரு காலத்தில் காட்மாண்டுப் பள்ளத்தாக்கு முழுக்க ஏரியாகக் கிடந்தது என்றும், மஞ்சுஸ்ரீ என்கிற போதிசத்துவர் வந்து தெற்கு மலையை வாளால் ஒரே வெட்டாக வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டார் என்றும், அதற்கப்புறம்தான் அங்கே மனுஷன் அடுப்புப் பற்றவைத்தான் என்றும் அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். காங்கேயத்திலிருந்து முக்திநாத்துக்குக் கிளம்பிப் போன நாங்கள், மேகம் விலகாததால் மலைக்குப் போகிற விமானம் பறக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டு, லாட்ஜில் படுத்து விட்டத்தைப் பார்ப்பதற்குப் பழைய நகரத்தையாவது பார்ப்போம் என்று புறப்பட்ட ஆனி மாதத்துக் காலை ஒன்றில் அந்த ஏரி திரும்பி வந்தது.

எங்கள் கூட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கே யாத்திரை போனாலும் சமையல்காரரையும் அரிசி பருப்பு மூட்டையையும் கடலை எண்ணெய் கேன்களையும் கூடவே கொண்டுபோவது எங்கள் வழக்கம். கைலாயத்தில் சிவபெருமானே இலை போட்டுக் கூப்பிட்டாலும், ரசம் யார் வைத்தது என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவோம். இந்தத் தடவை சமையலுக்கு வந்தவர் கதிர்வேலு. வழிகாட்டியாக வாய்த்தவர் சுரேந்திர மகர்ஜன், காட்மாண்டுக்காரர், திருப்பூர் பனியன் கம்பெனியில் பல வருஷம் குப்பை கொட்டியவர் என்பதால் எங்கள் பேரன் பேத்திகளைவிடச் சுத்தமாகக் கொங்குத் தமிழ் பேசுவார்.

அப்புறம் நாச்சிமுத்துவும் பூவாத்தாளும். நாச்சிமுத்து எனக்குக் கொழுந்தனார் முறை, பூவாத்தாள் எனக்கு ஓரகத்தி. நாச்சிமுத்து நல்ல மனுஷர்தான், கல்யாணத்துக்கும் சாவுக்கும் முதல் ஆளாக நிற்பார், ஆனால் தாலி கட்டிய நாளிலிருந்து பெண்டாட்டிக்குப் பத்தடி முன்னால்தான் நடப்பார், பின்னால் வருகிறாளா கிணற்றில் விழுந்தாளா என்று திரும்பிப் பார்த்ததை நான் கண்டதில்லை. பூவாத்தாளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய்ப் பல வருஷமாகிறது. நாலு படி இருந்தால் போதும், எந்தக் கோயிலாக இருந்தாலும் இறங்க மாட்டாள். "நீங்கெல்லாம் போய்ட்டு வாங்க, வந்து சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்" என்று பஸ்ஸிலேயே உட்கார்ந்துகொள்வாள். வரும்போது விமானத்தில் நாச்சிமுத்து எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார்: "இதோட அவளுக்கு யாத்திரையெல்லாம் முடிஞ்சுதுங்க. ஊருக்குப் போனதும் முன்வாசல்ல நல்லதா ஒரு நாற்காலி போட்டுக் குடுத்தர்றேன். உக்காந்து ரோட்டப் பாத்துட்டுக் கெடக்கட்டும்." அதை அவர் பெரிய உபகாரமாக நினைத்துத்தான் சொன்னார். பூவாத்தாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், எனக்கு அவரை நறுக்கென்று கிள்ளலாம்போல் இருந்தது.

அன்று காலையும் அவள் பஸ்ஸில்தான் இருந்தாள். பழைய நகரத்துச் சந்துகளுக்குள் பஸ் போகாது. நாங்கள் சுரேந்திரர் பின்னால் நடந்து, ஆறு தெருக்கள் வந்து கூடுகிற ஆசான் கடைத்தெருவில், அன்னபூரணி கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தோம். கழற்றிய செருப்பு கீழே கிடக்காமல் மெல்ல எழுந்து முழங்கால் உயரத்தில் நின்றது. பக்கத்துக் கடையில் முட்டைக்கோஸ்கள் கூடையைவிட்டுக் கிளம்பின, பூசணிக்காய்கள் கிளம்பின, செவ்வந்தி மாலைகள் கொத்தோடு மேலே போயின, உருளைக்கிழங்கு மட்டும் தன் கோணியிலேயே கிடந்தது, அப்புறம் நாங்கள் கிளம்பினோம். ஒரு பொட்டு ஈரம் கிடையாது. மூச்சு முட்டவில்லை, சேலை நனையவில்லை, நெற்றிக் குங்குமம் கரையவில்லை, ஆனால் காலை உதைத்தால் மேலே போகிறோம், கையை வீசினால் முன்னால் போகிறோம், சும்மா இருந்தால் ஆடிக்கொண்டு நிற்கிறோம். ஆண்களின் வேட்டிகளெல்லாம் ஒட்டுமொத்தமாகக் குடை விரித்தன. பெண்கள் நாங்கள் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டோம், உடனே இல்லை, கொஞ்ச நேரம் கழித்து.

"பயப்படாதீங்க்கா, ஏரி வந்துருச்சாட்ட இருக்குது" என்றார் சுரேந்திரர், ஒரு கையால் கோயில் மணியின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு.

"ஏனுங் தம்பி, இது அடிக்கடி வருமுங்களா?" என்று கதிர்வேலு கேட்டார்.

"இல்லீங்ணா. போயி நெம்ப நாளாச்சு. இப்பத்தான் திரும்பி வருது."

அந்த நேரத்தில்தான் எங்கள் தலைக்கு மேலே, இரண்டு பக்கத்து மாடிகளுக்கும் நடுவில், கொண்டை அவிழ்ந்து, சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, பூவாத்தாள் நீந்தி வந்தாள். வயதுக்கு வருகிறவரை அவள் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் ரூம் கூரையிலிருந்து குதித்தவள். அதற்கப்புறம் யாரும் அவளைத் தண்ணீரில் விடவில்லை. கை மட்டும் மறக்கவில்லை. கால்கள் பின்னால் தவளைக்கால் மாதிரி விரிந்து மடங்கின, அந்த இரண்டு முழங்கால்களும்தான். "அக்கா, வலிக்கவே இல்லீங்க்கா" என்று சொல்லிக்கொண்டே எங்களைக் கடந்து, முக்கில் திரும்பி, இந்திர சௌக் பக்கம் போய்விட்டாள்.

நாச்சிமுத்து எங்கே என்று தேடினோம். கோயில் வாசலில் ஒரு கல் சிங்கத்தின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார். காசியில், ராமேஸ்வரத்தில், எங்கே போனாலும் கரையில் நின்று சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வார், கேட்டால் சளி பிடிக்கும் என்பார். மனுஷருக்கு நீச்சல் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு வெளிச்சமானது. கிணற்றுக் காட்டில் பிறந்து வளர்ந்தும் ஒருத்தர் நீந்தாமல் தப்பித்திருக்கிறார் என்றால் அதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும்.

அந்த ஊரில் சும்மா கிடக்கிற நாளைவிடத் திருவிழா நாள் அதிகம். அதனால் முதல் நாள் பாதி ஜனம் இதுவும் ஏதோ ஒரு திருவிழா, நமக்குத்தான் பேர் மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டது. இரண்டாம் நாள் பழகிவிட்டது. காய்கறிக்காரர்கள் பூசணிக்காயைக் கயிற்றில் கட்டி ஆடுமாதிரி மேய விட்டார்கள், மோட்டார் சைக்கிள்களை விளக்குக் கம்பத்தில் கட்டிப்போட்டார்கள், தூங்கும்போது குழந்தைகளைக் கட்டில் காலில் சேலையால் முடிந்தார்கள். டீ டம்ளரில் நிற்காது என்பதால் ஊரே குழந்தைப் பால் புட்டியில் டீ குடித்தது, மீசை வைத்த போலீஸ்காரர்கூட முக்கில் நின்று ரப்பரைச் சப்பிக்கொண்டேதான் விசில் ஊதினார். குறுகலான சந்துகளில் நீந்துகிறவர்கள் முட்டிக்கொண்டதால் போகிறவர்கள் இரண்டாம் மாடி உயரத்திலும் வருகிறவர்கள் முதல் மாடி உயரத்திலும் போக வேண்டும் என்று சட்டம் வந்தது. ஜனங்கள் கதவை விட்டுவிட்டு மாடி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகப் பழகியதில் கீழ்த்தளத்துக் கடைக்காரர்களுக்கு வியாபாரம் படுத்துப்போய், அவர்கள் மிளகாய் மூட்டையைக் கட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குக் குடிபோனார்கள். புறாக்கள் சிறகை மடக்கி மீன் கணக்காகப் போயின. நாய்கள் எல்லா ஊரிலும் நீந்துகிற மாதிரியேதான் நீந்தின. தன் ஏரி தனக்குத் திரும்பி வந்துவிட்டதால் ஆசான் சதுக்கத்தில் பல நூறு வருஷமாகக் கிடக்கிற கல் மீனுக்கு மட்டும் யாரோ குங்குமமும் பொரியும் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போனார்கள்.

எங்களுக்கும் பழகியது. கதிர்வேலுவுக்குத்தான் சோதனை. இட்லி வேகும்போதே தட்டைவிட்டு எழுந்து சமையல்கூடத்தைச் சுற்றியது, தாளிக்கிற கடுகு வெடித்த வேகத்தில் தெருமுனைக்குப் போனது. பிறகு அவரே வழி கண்டுபிடித்தார். ரசத்தை உருண்டை உருண்டையாக மிதக்க விட்டு, வாயைத் திறந்துகொண்டு அதற்கு எதிரே நீந்திப் போகச் சொன்னார். அந்தத் தெருப் பிள்ளைகள் எங்கள் ரசத்துக்கு அடிமையானார்கள்.

பூவாத்தாளை மட்டும் சாப்பாட்டு நேரம் தவிரக் கையில் பிடிக்க முடியவில்லை. இத்தனை நாளாகப் பஸ் ஜன்னலிலிருந்து பிறத்தியார் வாயால் கோயில் பார்த்தவள், இப்போது நாங்கள் பார்த்துவிட்டு வருவதற்கு முன்னால் பார்த்துவிட்டு வந்து எங்களுக்குச் சொன்னாள். மூன்றடுக்குக் கூரைகளுக்கு அடியில் போய், செதுக்கிய மர ஜன்னல்களில் மயிலின் கண்ணைத் தடவிப் பார்த்து, தங்கத் தகடு போட்ட கலசத்தில் தன் முகத்தைப் பார்த்து, ஓட்டு விளிம்பில் தொங்குகிற சின்ன மணிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிவிட்டு, ஒரு முற்றத்திலிருந்து இன்னொரு முற்றத்துக்கும் அங்கிருந்து புத்த ஸ்தூபியின் கண்களுக்கு நேரேயும் போய், மஞ்சளும் சாம்பிராணியுமாக மணக்கிற அந்தச் சந்துகள் எல்லாம் மேலிருந்து பார்த்தால் எங்கே போய்ச் சேர்கின்றன என்று அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது. கூரையைத் தாங்குகிற சாய்வு மரங்களில் மேலே சாமியும் கீழே சாமியில்லாத வேறு சங்கதியும் செதுக்கியிருப்பதை எங்களில் முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். "அடக் கருமமே, இங்க வந்து பாருங்க்கா" என்று என்னைக் கூப்பிட்டாள். நான் பார்த்துவிட்டு மற்ற பெண்களைக் கூப்பிட்டேன். அன்று மத்தியானம் முழுக்கப் பெண்கள் நாங்கள் பக்தியோடு அந்தக் கூரைக்கடியிலேயே தரிசனம் பண்ணிக்கொண்டிருந்தோம், வயிறு வலிக்கச் சிரித்தோம், நாச்சிமுத்து கீழே சிங்கத்தின் கழுத்தைப் பிடித்தபடியே "அங்க என்ன புள்ள வேடிக்கை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "கோபுர தரிசனமுங்க" என்று பூவாத்தாள் பதில் சொன்னாள்.

அவளுக்கு அங்கே ஒரு சிநேகிதியும் கிடைத்தாள். ஆசானில் கடுகுக்கீரை விற்கிற ஞான்மாயா. அகலமான பெண்பிள்ளை, இடுப்பில் எடைக்கல்லைக் கட்டிக்கொண்டுதான் கடையில் உட்கார்ந்திருப்பாள், ஊருக்கு வெளியே வயல் வைத்திருந்தாள். இவளுக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு இவள் பாஷை தெரியாது, இரண்டு பேரும் மணிக்கணக்காகப் பேசினார்கள். ஞான்மாயா விருந்தாளிக்கு மங்களமாக அவித்த முட்டையும் கருவாடும் ஒரு சொட்டுச் சாராயமும் நீட்டுவாள், யாத்திரை முடிகிறவரை கவுச்சி தொடாத பூவாத்தாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுப்பாள், தினமும் இது நடக்கும்.

இப்படியே இருந்திருக்கலாம். பூவாத்தாள் ஒரு சாயங்காலம் என்னிடம், "அக்கா, நான் இங்கியே இருந்துக்கட்டுமா? ஊருக்கு வந்தா நாற்காலிதானுங்களே" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

அந்த ஊரில் தெருவுக்குத் தெரு சங்கம் உண்டு, நம் கோயில் கட்டளை மாதிரி. விளக்கேற்ற ஒரு சங்கம், தேர் இழுக்க ஒரு சங்கம், பிணம் தூக்க ஒரு சங்கம். அதில் ஏரி வடிக்கிற சங்கம் என்றும் ஒன்று இருந்தது. ஏரி எப்போதாவது திரும்பி வந்தால் அதை வடித்துவிடுவதுதான் அதன் வேலை. அதற்காக ராஜா காலத்தில் மானியமாக விட்ட நிலம், துணி சுற்றிய ஒரு வாள், வருஷத்துக்கு ஒரு விருந்து. ஏரி வரவே வராததால் தலைமுறை தலைமுறையாக அவர்கள் விருந்தை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டு வந்திருந்தார்கள். இப்போது நிஜமாகவே வேலை வந்து கழுத்தில் உட்கார்ந்ததும், முதலில் விருந்து, அப்புறம் மற்றது என்று தீர்மானித்தார்கள். நீளமான வைக்கோல் பாயில் வரிசையாக உட்கார்ந்து, மிதந்துவிடாமல் இருக்க ஆளுக்கொரு அம்மிக்கல்லை மடியில் வைத்துக்கொண்டு, அவலும் இறைச்சியும் சோயா பயறும் சாராயமுமாக நாள் கணக்கில் சாப்பிட்டார்கள். யார் மூத்தவர், வாளை யார் எடுப்பது என்று நடுவில் சண்டை வந்தது. சண்டை தீர இன்னொரு விருந்து வைத்தார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள், கதிர்வேலுவின் ரச உருண்டைகள் வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மிதந்துபோயின, மூத்தவர்கள் வாயைத் திறந்து காத்திருந்தார்கள்.

வடிக்க வேண்டும் என்பதில் மட்டும் யாருக்கும் மறுபேச்சில்லை. நாற்று நடுகிற பருவம். வயலில் ஊன்றிய நாற்று ஊன்றிய கையோடு கிளம்பி மேலே போய்விடுகிறது. ஆடிக்குள் நடாவிட்டால் அந்த வருஷம் அவல்கூடக் கிடையாது.

"ஆனா ஒரு கட்டுப்பாடு இருக்குதுங்க" என்றார் சுரேந்திரர், எங்கள் எல்லோரையும் கூட்டி வைத்து. "ஏரிக்குள்ள விருந்தாளி ஒருத்தர் இருந்தாக்கூட வாளை உருவக் கூடாது. ஊர்க்காரங்க எங்க வேணா இருக்கலாம். விருந்தாளி கால் ஊனி நிக்கோணும். நாளைக் காலைல எல்லாரும் ஒட்டுக்கா எறங்கி நின்னுருங்க."

மறுநாள் காலை மற்ற வெளிநாட்டுக்காரர்கள் இறங்கினார்கள், நாங்களும் இறங்கி அரண்மனைச் சதுக்கத்தில் விளக்குக் கம்பங்களையும் கோயில் தூண்களையும் பிடித்துக்கொண்டு காலை ஊன்றி நின்றோம். பூவாத்தாள் இறங்கவில்லை. அரண்மனையின் ஒன்பது மாடி மரக் கோபுரத்துக்கு மேலே, ஏரியின் மேல்மட்டத்தில், மல்லாந்து படுத்துக் கிடந்தாள். சுரேந்திரர் கூப்பிட்டார், நான் கூப்பிட்டேன். "நீங்க போய்ட்டு வாங்க" என்று மேலிருந்து குரல் வந்தது.

சதுக்கம் முழுக்க ஜனம் அண்ணாந்து நின்றது. சங்கத்து மூத்தவர் தெற்கே மலை இடுக்கில் வாளோடு காத்திருந்தார், உருவச் சொல்லி இங்கிருந்து பெரிய மணியை அடிக்க வேண்டும், மணிக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். எல்லோரும் சேர்ந்து நாச்சிமுத்துவைப் பார்த்தோம். அங்கேயும் ஒரு கல் சிங்கத்தைக் கட்டிக்கொண்டு நின்றவர், அதிலிருந்து ஒரு கையை எடுத்தார், திரும்பப் பிடித்துக்கொண்டார், மறுபடி எடுத்தார். கதிர்வேலு காலி எண்ணெய் கேன்கள் இரண்டைக் கொண்டுவந்தார். நம் ஊரில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கும்போது முதுகில் கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டினார். பஞ்சாயத்துத் தலைவராக இருந்த மனுஷர், முதுகில் கடலை எண்ணெய் கேனோடு, கண்ணை மூடிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, உட்றாதீங்க, அண்ணி, உட்றாதீங்க" என்று முணுமுணுத்தபடியே கிளம்பினார்.

மேலே போகப் போக மேகம் கீழே தங்கியது. நான் அவர் கையைக் கிள்ளி, கண்ணைத் திறக்கச் சொன்னேன். வடக்கே பனிமலைகள் வரிசையாக, ஒன்றுவிடாமல், வெயிலில் நின்றன. நாங்கள் அத்தனை நாளாகக் காத்துக்கிடந்ததும் விமானம் போக மறுத்ததும் இந்த மலைகளுக்குத்தான். நாச்சிமுத்து பயத்தைக்கூட மறந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பூவாத்தா, எறங்கி வா புள்ள."

"வந்தா?"

"வந்தா என்ன, ஊருக்குப் போலாம்."

"ஊருக்குப் போயி?"

அவருக்குப் பதில் தெரியும். கேன் ஒன்று நழுவி அவரை ஒருபக்கமாகச் சாய்த்தது, கோபுரத்து ஜன்னல் சட்டத்தை எட்டிப் பிடித்துக்கொண்டு தொங்கினார்.

"நாற்காலில உக்காந்து ரோட்டப் பாக்கறக்கு நான் வரலீங்க" என்றாள் பூவாத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. "இத்தன வருசமா நீங்க முன்னால போயி பாத்துட்டு வந்து சொன்னீங்க, நான் கேட்டேன். நெம்ப நல்லாத்தான் சொல்லுவீங்க. இனி என்னால கேட்டுட்டே இருக்க முடியாதுங்க."

அப்போதுதான் எங்களுக்குக் கீழே, மேகத்தைக் கிழித்துக்கொண்டு, ஞான்மாயா வந்தாள். இடுப்புக் கல்லை அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள். எங்களைத் தேடி வரவில்லை. அவள் வயலிலிருந்து கிளம்பிய நாற்றுகள் கொத்துக் கொத்தாக மேலே வந்து, ஏரியின் மேல்மட்டத்தில் ஒதுங்கி, பச்சையாகப் பரவிக்கிடந்தன. அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வேரைத் துடைத்து, மடியில் கட்டிக்கொண்டிருந்தாள். மடியிலிருந்து பத்து நழுவினால் இரண்டு அகப்பட்டது. பூவாத்தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள், இறங்கு என்று கையைக்கூட ஆட்டவில்லை.

பூவாத்தாள் புரண்டு குப்புறப் படுத்துப் பார்த்தாள். ஒரு நாற்றை எடுத்து வேரை முகர்ந்தாள். வேர் காய்ந்துகொண்டிருந்தது. மானாவாரிக் காட்டில் மழைக்காக மூன்று வருஷம் வானத்தைப் பார்த்து உட்கார்ந்தவள் அவள், அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எழுந்து ஞான்மாயாவோடு சேர்ந்து பொறுக்க ஆரம்பித்தாள், நானும் பொறுக்கினேன், நாச்சிமுத்துகூட ஒரு கையால் எட்டினதைப் பிடித்தார். மடி நிறைந்ததும் பூவாத்தாள் கோபுரத்தின் உச்சி மாடி ஜன்னல் வழியாக உள்ளே போய், பலகையில் காலை ஊன்றி, தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மணி அடிக்கச் சொல்லுங்க்கா. நான் கால் ஊனிட்டேன்."

"கீழ வந்து ஊனு புள்ள" என்றார் நாச்சிமுத்து. "தண்ணி இருக்கறப்பவே நீஞ்சி எறங்கிரு. இது போனா அத்தன மாடிப் படி, உன்ற முட்டி தாங்காது."

"தெரியுமுங்க. நடந்துதான் எறங்கப் போறேன். தண்ணி தூக்கிட்டு வந்து உட்டுச்சுன்னா, நாளைக்கு என்னால எறங்க முடியுமா ஏற முடியுமான்னு எனக்கே தெரியாமப் போயிரும். நீங்க வேணா கேனைக் கட்டிட்டு அண்ணி கூடப் போங்க."

அவர் கீழே பார்த்தார், அவளைப் பார்த்தார், ஜன்னலுக்குள் ஏறி முதுகிலிருந்த கேன்களை அவிழ்த்துவிட்டார். அவை ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மேலே போயின. நானும் உள்ளே போய் இன்னொரு தூணைப் பிடித்துக்கொண்டேன். ஞான்மாயா கீழ்நோக்கிக் கத்தினாள், மணி அடித்தது.

ஏரி போவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. என் கொண்டை தோளில் விழுந்தது, சேலை முந்தி காலடியில் விழுந்தது, ஊர் முழுக்க எதையெதையோ வைக்கிற சத்தம் கேட்டது, மோட்டார் சைக்கிள்கள், பூசணிக்காய்கள், பால் புட்டிகள். புறாக்கள் ஒரு கணம் திகைத்துவிட்டுச் சிறகை விரித்தன. ஊர்க்காரர்கள் அவரவர் கூரையில் மெல்ல இறங்கி உட்கார்ந்து ஏணி கேட்டுக் கூப்பிட்டார்கள். ஞான்மாயா எதிர்வீட்டு மொட்டைமாடியில் மடி கலையாமல் இறங்கி, நாற்றோடு படியிறங்கி ஓடினாள். பூவாத்தாள் தூணைப் பிடித்தபடி நின்றாள், முழங்காலுக்குள் பழைய ஆள் திரும்பி வந்து உட்கார்ந்தது அவள் முகத்தில் தெரிந்தது.

அந்தக் கோபுரத்துப் படிக்கட்டு நம் ஊர்ப் பரண் ஏணியைவிடக் கொஞ்சம்தான் அகலம், செங்குத்து. நாச்சிமுத்து பழக்கத்தில் முன்னால் இறங்கி ஒரு தளம் போய்விட்டார். அங்கே காலடிச் சத்தம் நின்றது. ஏறித் திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது. அவளுக்கு இரண்டு படி கீழே நின்று, அவள் பாதத்தை உள்ளங்கையில் வாங்கி, கீழ்ப்படியில் வைத்தார்.

"ஐயோ, கால உடுங்க. யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க."

"நெனச்சுட்டுப் போறாங்க. இந்தக் கால எடு."

அப்படித்தான் இறங்கினோம், ஒரு கால், மறு கால், ஒவ்வொரு மாடியிலும் பலகையில் உட்கார்ந்து, அவள் பல்லைக் கடித்து, அவர் வியர்த்து, நான் பின்னால் இரண்டு பேருடைய முணுமுணுப்பையும் கேட்டுக்கொண்டு. நடுவில் ஒரு மாடியில் அவள் அழுதாள். இன்னொரு மாடியில் அந்தக் கூரை மரத்துச் சிற்பத்தைப் பற்றி அவரிடம் சொல்லி, இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் படியே ஆடியது, விழுந்து தொலைப்பார்கள் என்று நான் கத்த வேண்டியிருந்தது. சதுக்கத்துக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. ஜனம் பாதி போய்விட்டது, மீதி எங்களுக்காகக் காத்திருந்தது. பூவாத்தாள் கடைசிக் கல்படியில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குதா?" என்று நாச்சிமுத்து கேட்டார். இதை அவர் கேட்டு நான் கேட்டதே இல்லை.

"வலிக்குதுங்க. நெம்ப வலிக்குது." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு எங்கீங்க போறோம்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்து, தூணைப் பிடித்து, சுவரைப் பிடித்து, பஸ் நின்ற பக்கமாக நடக்க ஆரம்பித்துவிட்டாள். நாச்சிமுத்து பின்னால் போனார். அவ்வளவு மெதுவாக நடந்து அவருக்குப் பழக்கமில்லாததால், சந்து முனை போவதற்குள் இரண்டு தடவை அவள் குதிகாலை மிதித்துவிட்டார்.